வாசலில் நின்ற சிறுவர்கள்



பொருளாதாரப் பெருமந்தம் என்னும் தொடரை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1929ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நியூயார்க் நகரத்துப் பங்குச் சந்தை சரிந்தது. அதனைத் தொடர்ந்து வங்கிகள் வீழ்ந்தன, ஆலைகள் மூடப்பட்டன. 1933இல் அமெரிக்க நாட்டில் உழைக்கும் மக்களுள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றனர். அந்த அலை கடல் கடந்து நம் நாட்டையும் தாக்கிற்று. தஞ்சைத் தரணியில் நெல்லின் விலை வீழ்ந்தது. மலேயாவில் ரப்பரின் விலை வீழ்ந்தமையால், அங்குத் தோட்டங்களில் பால் எடுத்துப் பிழைத்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். இவையெல்லாம் தேர்வில் எழுதத்தக்க செய்திகள். எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும்.

ஆனால் பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மந்தம் என்பது எவ்வாறு தெரியவரும்? பங்குச் சந்தையை அவன் அறியான். தந்தை பகல் வேளையிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அறிவான். கஞ்சியில் தண்ணீர் மிகுந்துவிட்டது என்பதை அறிவான். எல்லாவற்றிற்கும் மேலாக, நேற்றுவரை சிரித்துப் பேசிய கடைக்காரரின் முகம் இன்று மாறிவிட்டது என்பதை அறிவான். பாடநூல் விலைவாசியைக் கூறும். அந்த முகமாற்றத்தைக் கூறாது. அதனைக் காட்ட வல்லவை கதையும் திரைப்படமும் ஆகும்.

ஆதலின் இன்று உங்களிடம் திரைப்படங்களைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். தலைமையாசிரியராய் இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் திரைப்படம் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். மாணவர்கள் திரைப்படம் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பலமுறை முழங்கியவன்தான் நான். ஆயினும் ஒரு திரைப்படம் எனக்கே ஒரு பாடம் கற்பித்தது. அதனை மறைத்து வைப்பது நேர்மையாகாது.

முதற்கண் 1940ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்கப் படத்தைக் கூறுகிறேன். ஜான் ஸ்டைன்பெக் என்னும் எழுத்தாளர் 1939இல் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ என்னும் புதினத்தை, ஜான் ஃபோர்டு என்னும் இயக்குநர் அதே பெயரில் படமாக்கினார். ஒக்லஹோமா மாநிலத்தில் உழுதுண்டு வாழ்ந்த ஒரு குடும்பம், பெருமந்தத்தாலும் புழுதிப் புயலாலும் நிலத்தை இழந்து, ஒரு பழைய வண்டியில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு, பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவுக்குச் செல்கிறது. அதுவே கதை.

வழியில் ஓர் உணவு விடுதி. குடும்பத் தலைவர் தம் இரு சிறு குழந்தைகளுடன் உள்ளே வருகிறார். வண்டியில் பல்லில்லாத பாட்டி பசியோடு இருக்கிறாள். ரொட்டி ஒன்று வேண்டும் என்கிறார். கையில் இருப்பது பத்துக் காசு. இது மளிகைக் கடையன்று என்று பணிப்பெண் முதலில் சிடுசிடுக்கிறாள். ரொட்டியின் விலை பதினைந்து காசு. உள்ளிருந்த உரிமையாளரோ, “கொடுத்துவிடு” என்கிறார். இதற்கிடையில் குழந்தைகள் இருவரும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் மிட்டாயை இமையாமல் பார்த்து நிற்கின்றனர். அவர்கள் கேட்கவில்லை, அழவில்லை, பார்க்கின்றனர், அவ்வளவே. தந்தை தயங்கித் தயங்கி, அது ஒரு காசு மிட்டாயா என்று கேட்கிறார். பணிப்பெண் அக்குழந்தைகளின் முகத்தைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, காசுக்கு இரண்டு என்கிறாள். தந்தை ஒரு காசை வைத்துவிட்டு, குழந்தைகளோடு நிமிர்ந்து நடந்து போகிறார்.

அவர்கள் போன பின்னர், அங்கே உண்டுகொண்டிருந்த சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவர் உண்மையை உடைக்கிறார். அந்த மிட்டாய் ஒன்றின் விலையே ஐந்து காசு! அவள் பொய் சொன்னாள். ஏன்? பெறுகின்றவர் நாணக்கூடாது என்பதற்காகச் சொன்னாள். இனாம் என்று கொடுத்திருந்தால் அந்தத் தந்தை குழந்தைகளின் முன்னே குன்றிப்போயிருப்பார். விலைக்கு வாங்கியதாகவே அவர் எண்ணிச் சென்றார். ‘பொய்ம்மையும் வாய்மையிடத்த’ என்று வள்ளுவர் வகுத்த இலக்கணம் அந்த உணவு விடுதிக்கும் பொருந்துவதைப் பாருங்கள்.

அடுத்தது 1948இல் இத்தாலி நாட்டில் விட்டோரியோ டி சிக்கா இயக்கிய ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, அதாவது மிதிவண்டித் திருடர்கள். 1952இல் இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படங்களுள் இஃதும் ஒன்று. அந்த விழா சென்னை நகருக்கும் வந்தது. நம் நாட்டின் சத்யஜித் ரே 1950இல் லண்டனில் இப்படத்தைக் கண்டு, படம் எடுத்தால் இவ்வாறன்றோ எடுக்க வேண்டும் என்று உறுதிகொண்டார். அதன் விளைவே 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், வேலையில்லாத் திண்டாட்டம் நிறைந்த ரோமாபுரி. அந்தோனியோ என்பவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் மிதிவண்டி வேண்டும். மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, அடகிலிருந்த மிதிவண்டியை மீட்கிறாள். வேலையின் முதல் நாளே அது களவு போகிறது. தந்தையும், புரூனோ என்னும் சிறு மகனும் நகரமெங்கும் அதனைத் தேடி அலைகின்றனர். அந்தப் புரூனோ, பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்யும் சிறுவன் என்பதையும் கருதுங்கள்.

தேடலின் நடுவே சலிப்பு மேலிட்டுத் தந்தை மகனை அறைந்துவிடுகிறான். பின்னர் மனம் வருந்தி, இருக்கும் சில்லறையைக் கொண்டு அவனை ஓர் உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே பக்கத்து மேசையில் ஒரு செல்வர் வீட்டுப் பையன் கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்கிறான். புரூனோவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். பழக்கமில்லாத கரண்டியோடு சிறிது போராடிப் பார்த்த புரூனோ, கையாலேயே எடுத்து உண்கிறான். யாரும் அவனை விரட்டவில்லை. ஆயினும் அந்தப் பார்வை ஒன்றே போதுமானதாக இருக்கிறது. உணவு நாவில் இருக்கும்போதே, தந்தை தான் இழந்த கூலியின் கணக்கைச் சொல்ல, மகன் பென்சிலால் அதனைக் கூட்டுகிறான். பள்ளியில் கற்ற கூட்டல் கணக்கு, வறுமையின் அளவை அறியப் பயன்படுகிறது!

முடிவில், வழி காணாத தந்தை தானே ஒரு மிதிவண்டியைத் திருட முயன்று பிடிபடுகிறான். கூட்டம் அவனை அடிக்கிறது. அழுதுகொண்டே ஓடிவரும் சிறுவனைப் பார்த்த மிதிவண்டிக்காரர், அவனைக் காவலரிடம் ஒப்படைக்காமல் விட்டுவிடுகிறார். அவமானத்தால் கண் கலங்கி நடக்கும் தந்தையின் கையைப் புரூனோ மெல்லப் பற்றிக்கொள்கிறான். இங்கே, தந்தையின் நாணத்தைத் தாங்கும் பொறுப்பு ஒரு குழந்தையின் தோள்மேல் விழுந்துவிட்டது.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் ‘காக்கா முட்டை’ என்னும் படம் வெளியாயிற்று. இயக்கியவரும் ஒளிப்பதிவு செய்தவரும் மணிகண்டன். நடிகர் தனுஷும் இயக்குநர் வெற்றிமாறனும் தயாரித்தனர். சிறந்த குழந்தைகள் திரைப்படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. அண்ணன் தம்பியாக நடித்த விக்னேஷ், ரமேஷ் என்னும் இரு சிறுவர்களும் சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்கான தேசிய விருதைப் பெற்றனர். உங்களுள் பலர் இப்படத்தைக் கண்டிருப்பீர்கள், சிரித்தும் இருப்பீர்கள். நானும் சிரித்தேன், பாதி வரையில்.

இப்படத்தில் உலகப் பெருமந்தம் எதுவும் இல்லை. மாறாக, நகரம் செழிக்கிறது, கட்டடங்கள் எழுகின்றன. ஆனால் நாடு வளரும் காலத்திலும் ஒரு குடிசைக்குள் மந்தம் புகுந்துவிடக்கூடும் என்பதை இப்படம் காட்டுகிறது. தந்தை சிறையில் இருக்கிறார். அவரை மீட்கத் தாய் அல்லற்படுகிறாள். பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர் இருவர், இருப்புப் பாதை ஓரத்தில், சரக்கு வண்டியிலிருந்து சிதறிய நிலக்கரித் துண்டுகளைப் பொறுக்கி எடைக்குப் போடுகின்றனர். அவர்களுடைய இயற்பெயர்களை யாரும் சொல்வதில்லை. பெரிய காக்கா முட்டை, சின்ன காக்கா முட்டை என்றே அழைக்கின்றனர். மரத்தில் ஏறிக் காக்கையின் முட்டையை எடுத்துக் குடிப்பதால் வந்த பெயர் அது. கோழி முட்டை வாங்க வழியில்லாதவருக்குக் காக்கை முட்டையே ஊட்டம்.

அவர்கள் விளையாடிய திடலும், அந்த மரமும் ஒருநாள் இல்லாமற்போகின்றன. அவ்விடத்தில் பீட்சாக் கடை ஒன்று எழுகிறது. வீட்டுக்கு இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி வருகிறது. அதில் பீட்சாவின் விளம்பரம் வருகிறது. பார்த்த நாள் முதல், அதனை உண்ண வேண்டும் என்னும் ஆசை சிறுவர்களைப் பற்றிக்கொள்கிறது. விலையோ ஏறக்குறைய முந்நூறு ரூபாய். வீட்டில் பாட்டி, விளம்பரத் தாளில் உள்ள படத்தைப் பார்த்துத் தோசை மாவில் காய்களைத் தூவித் தானே ஒரு பீட்சாவைச் சுட்டுத் தருகிறாள். நூல் நூலாக இழுபடவில்லை என்று பேரன்மார் அதனை ஏற்க மறுக்கின்றனர்.

சிறுவர்கள் பிச்சை கேட்கவில்லை என்பதை நீங்கள் கருத வேண்டும். அவர்கள் உழைத்துப் பொருள் சேர்க்கின்றனர். இருப்புப் பாதையில் வேலை செய்யும் ஒருவர் அவர்களைத் தம் தோழரைப் போல் நடத்துகிறார். அவருடைய துணையால் நிலக்கரி மிகுதியாகக் கிடைக்கிறது. முந்நூறு ரூபாயும் சேர்ந்துவிடுகிறது. பணத்தோடு கடைவாசலுக்குச் செல்கின்றனர். வாசற்காவலர் அவர்களுடைய பணத்தைப் பார்க்கவில்லை, உடையைப் பார்த்தார், விரட்டிவிட்டார். நல்ல உடை இல்லாமையே குறை என்று எண்ணிய சிறுவர்கள், அரும்பாடுபட்டு நல்லுடை தேடி அணிந்து, மீண்டும் செல்கின்றனர். இம்முறை கடையின் மேற்பார்வையாளரிடமிருந்து பெரியவனின் கன்னத்தில் அறை விழுகிறது.

அமெரிக்க விடுதியில் மிட்டாய்க்கு உரிய காசு இல்லை; வாசல் திறந்திருந்தது. சென்னைக் கடையில் பீட்சாவுக்கு உரிய காசு முழுவதும் இருந்தது, வாசல் மூடியிருந்தது. ஒருவனை வாசலுக்கு வெளியே நிறுத்துவது பணமின்மை மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

படத்தின் இறுதியில், செய்தி பரவிக் கடைக்கு இழுக்கு நேர்ந்ததால், அதே கடையினர் அதே சிறுவர்களைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்று உண்பிக்கின்றனர். பீட்சாவைச் சுவைத்த சிறுவர்கள், பாட்டி சுட்டுத் தந்த தோசையே மேல் என்று முடிவு செய்கின்றனர். அதற்குள் அந்தப் பாட்டி இறந்துவிட்டாள். அரங்கம் சிரித்தது, சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். நானோ அந்த வாசற்காவலரின் காட்சியிலேயே நின்றுவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஊர் கொல்லிமலையில் வளப்பூர் நாடு. அறப்பளீசுவரர் கோயில் கொண்ட இடம் அது. சமவெளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வர வேண்டும். முன்னாளில் எங்கள் மலைமக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து உண்டனர். அவை வீட்டுக்கு உணவு. சந்தை வீழ்ந்தாலும் பானை வெறுமையாவதில்லை. பின்னர் மரவள்ளி வந்தது. மரவள்ளியைக் கீழ்நாட்டுச் சேகோ ஆலைகள் வாங்கும். கையில் காசு வரும். பிள்ளைக்குச் செருப்பு வரும், நோட்டுப் புத்தகம் வரும். ஆனால் ஆலைகள் குறைந்த விலை கூறும் ஆண்டில், கிழங்கு பிடுங்கும் கூலிக்கும், மலையிறங்கும் வண்டி வாடகைக்குமே விலை போதாது. கிழங்கு மண்ணிலேயே கிடக்கும். அதுவே எங்கள் ஊரின் மந்தம். நியூயார்க்கில் மணி அடித்துத் தொடங்கவில்லை. ஆனால் எங்கள் வருகைப் பதிவேட்டில் அது தெரியும். மரவள்ளி விலை இறங்கினால், வகுப்பில் வருகைக் குறிகளும் இறங்கும்.

அத்தகைய ஓர் ஆண்டில், மலைப்பள்ளி ஒன்றில் நான் பொறுப்பில் இருந்தேன். ஒழுங்கில் மிகுந்த பற்றுடையவன் நான். ஆசிரியப் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்ததும் அதுவே. காலந்தவறாமை, தூய்மை, சீருடை. காலையில் பள்ளி வாசலில் நின்று, வருகின்ற ஒவ்வொரு பிள்ளையையும் பார்ப்பேன். ஒருநாள், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தந்தையின் பழைய சட்டையை அணிந்து வந்தான். அது அவன் முழங்கால் வரை தொங்கிற்று. முதல் நாள் எச்சரித்தேன். இரண்டாம் நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். மூன்றாம் நாள், “சீருடையோடு வருவதானால் வா, இல்லையேல் வராதே” என்று, மற்றப் பிள்ளைகளின் முன்னே சொன்னேன்.

அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். பலா மரங்களின் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதையில் அந்தப் பெரிய சட்டை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீருடையோடு வருவான் என்று எண்ணினேன். அவன் வரவில்லை. சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது, யாருடனோ கீழ்நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றனர். பதிவேட்டில் நீண்ட நாள் வராதவன் என்று எழுதி, பின்னர் பெயரை நீக்கினேன். விதிப்படி செய்தேன். அன்று இரவு எனக்கு நல்ல உறக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுகள் பல சென்றன. 2015இல் நாமக்கல்லில் ‘காக்கா முட்டை’ பார்த்தபோது, அந்த வாசற்காவலர் கையை நீட்டிச் சிறுவர்களைத் தடுத்த காட்சியில், அந்தக் கையை எங்கோ கண்டது போல் இருந்தது. அது என் கை.

அதன் பின்னர், ஓர் ஆடித் திங்களில், செம்மேட்டில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவுக்குச் சென்றிருந்தேன். அரசுத் துறைகள் அங்கே பந்தல் இட்டு, மக்களிடம் விண்ணப்பங்களைப் பெறுவது வழக்கம். நடுவயது மனிதர் ஒருவர் என்னிடம் வந்து வணங்கி, ஒரு படிவத்தை நீட்டினார். “சார், புள்ளைக்குச் சாதிச் சான்று வேணும். கொஞ்சம் எழுதிக் குடுங்க” என்றார். எழுதத் தொடங்கிப் பெயரைக் கேட்டேன். அவர் சொன்னார். எழுதுகோல் நின்றுவிட்டது.

“தம்பி, நீ அன்றைக்கு ஏன் திரும்பி வரவில்லை?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “வீட்ல நல்ல சட்டை ஒண்ணுதான் இருந்துச்சு சார். தம்பி சின்னவன், அழுவான். அவனுக்குப் போட்டு அனுப்பிட்டேன். எனக்கு முன்னாலதான் உங்களைத் தாண்டி உள்ள போனான்.”

எனக்கு நினைவு வந்தது. தோளிலிருந்து நழுவும் அளவுக்குப் பெரிய சீருடைச் சட்டையோடு ஒரு சிறு பையன் அன்று காலை என்னைக் கடந்து சென்றான். தூய்மையாக வந்திருக்கிறாய் என்று அவன் தலையைத் தடவிப் பாராட்டினேன். ஒரே சட்டை, அதனை அணிந்தவனைத் தட்டிக்கொடுத்தேன், அணிவித்து அனுப்பியவனை விரட்டினேன்.

“அதை அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றேன்.

“எல்லாரும் நின்னாங்க சார். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

என்மேல் அவருக்குச் சினம் ஒன்றும் இல்லை. படிவத்தை வாங்கிக்கொண்டு, பந்தலை நோக்கி நடந்தார். ஏழாம் வகுப்பில் நின்றுபோன படிப்பால், தம் மகளின் படிவத்தை நிரப்பப் பிறரைத் தேட வேண்டிய நிலையில் இன்றும் அவர் இருக்கிறார். அதனை எந்த வருத்தமும் ஈடுசெய்யாது. விதி அன்று என் பக்கம் இருந்தது. ஆனால் விதியைப் படித்த நான், அந்தப் பிள்ளையின் சட்டையைப் படிக்கவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்தில்தான் வல்வில் ஓரியின் சிலை குதிரைமேல் நிற்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவன் ஓரி; எங்கள் கொல்லிமலையின் தலைவன். அவனைப் பற்றிப் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு நிகழ்ச்சியைப் பாடியிருக்கிறார். பசியோடு காட்டுவழி சென்ற பாணர் கூட்டம், ஒரே அம்பால் பல விலங்குகளை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைக் காண்கிறது. அவன் யாரென்று அறியாமல் அவன்முன் பாடி, ஓரியின் பெயரைப் புகழ்கின்றனர். அந்த வேட்டுவனே ஓரி. தன் பெயரைத் தன்னெதிரே கேட்டதும் அவன் நாணினான் என்கிறார் புலவர். நாணியவாறே ஊனுணவு அளித்தான். கொல்லிமலையில் கிடைத்த பொன்னையும் அளித்தான்.

இப்பாட்டை நான் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். வல்வில் என்றால் என்ன, இலக்கணக் குறிப்பு என்ன என்றெல்லாம் கேள்வி கேட்டிருக்கிறேன். கொடுப்பவன் நாணினான் என்னும் பொருளின் ஆழம் எனக்கு அந்த விழாவில்தான் விளங்கிற்று. பசித்தவர்கள் நாணவில்லை, அவர்கள் நிமிர்ந்து நின்று பாடினர். நாணியவன் உள்ளவன். அமெரிக்கப் பணிப்பெண் விலையைக் குறைத்துச் சொன்னதும் இந்த நாணத்தால்தான். பீட்சாக் கடைவாசலிலும் என் பள்ளிவாசலிலும் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே இல்லாதவனை நாணச் செய்தோம்.

மாணவச் செல்வங்களே, இதிலிருந்து இரண்டு செய்திகளைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, இதனைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுள், வீட்டில் இடர்ப்பாடு உள்ள பிள்ளைகளுக்கு. உங்கள் தந்தைக்கு வேலை இல்லாமற்போவது உங்கள் குற்றமன்று. பெரும்பாலும் அவருடைய குற்றமும் அன்று. 1930களில் வேலையிழந்த கோடிக்கணக்கானவர்கள் சோம்பேறிகள் அல்லர். மண்ணிலே கிடந்த மரவள்ளியை விளைத்தவரும் சோம்பேறி அல்லர். ஆதலின் சொல்லுங்கள். சட்டை இல்லையென்றால் இல்லை என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். எல்லோர் முன்னும் சொல்ல இயலாவிட்டால், ஒரு தாளில் எழுதி அவருடைய மேசையில் வையுங்கள். ஆறு முதல் பதினான்கு வயது வரை பள்ளியில் இருப்பது, 2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து சட்டம் உங்களுக்கு வழங்கியுள்ள உரிமை. உரிமையைக் கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, வாசலுக்கு உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு. நாளை நீங்கள் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னே உட்காருவீர்கள், மருத்துவமனையில் சீட்டுக் கொடுப்பீர்கள், கடை வைப்பீர்கள், ஆசிரியர் ஆவீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் வாய்க்கும். அங்கே உதவுவது மட்டும் போதாது. எவ்வாறு உதவுவது என்பதையும் கற்க வேண்டும். நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார்; 2022இல் காலை உணவும் தொடங்கப்பட்டது. அத்திட்டங்களின் சிறப்பு, வயிற்றை நிரப்பியதோடு நிற்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே உணவை உண்கின்றனர். அந்த வரிசையில் யார் பசியோடு வந்தவர் என்று கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாதபடி கொடுப்பதே கொடை.

உங்கள் வகுப்பில் அளவுக்கு மீறிய சட்டையோடு ஒரு பிள்ளை வந்தால், சிரிப்பதற்கு முன் ஒரு கணம் நில்லுங்கள். அந்தச் சட்டைக்குப் பின்னே ஓர் அண்ணன் இருக்கலாம்.

நான் அதனைப் பார்க்கக் கற்றபோது எனக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது; பள்ளியை விட்டு வெளியேறும் காலமும் நெருங்கிவிட்டது. நீங்கள் இன்றே கற்றுக்கொள்ளலாம்.